தந்தியும் எண்ணும்

சென்ற மாதச் செயற்குழுக் கூட்டத்தில் ஒரு பேச்சு எழுந்தது. நம் சங்க அலமாரியின் மேல் உறங்கும் வீணையை விற்று, அத்தொகையுடன் சிறிது சேர்த்துக் கீபோர்டு ஒன்று வாங்கலாம் என்பதே அது. "ஒரு பொத்தானை அழுத்தினால் வீணை, மற்றொன்றை அழுத்தினால் புல்லாங்குழல், இடமும் மிச்சம்" என்றார் அன்பர் ஒருவர். அடிக்கடி மாற்றலாகும் ரயில்வே குடும்பங்களுக்கு அவர் கூற்று நியாயமாகவே படும். ஆயினும் அப்பொத்தானுக்குள் இருப்பது யாதென அறிந்து முடிவு செய்வதே நலமெனக் கருதினோம். நாம் பொறியியல் பயின்றவரல்லோம். பள்ளிப் படிப்போடு பார்சல் ஆபீஸ் மேசைக்கு வந்தவர். ஆகவே அம்மேசையின் மொழியிலேயே கூறுகிறோம்.

இசையைக் கணிப்பொறிக்குள் செலுத்த இரு வழிகள் உண்டு. ஒன்று, ஒலியையே அள்ளுவது. காற்றின் அதிர்வை விநாடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 65,536 படிகளுள் ஒன்றாகக் குறிப்பர். 1982இல் விற்பனைக்கு வந்த குறுந்தட்டின் கணக்கு இதுவே. இது பார்சலையே வண்டியில் ஏற்றுவதற்கு ஒப்பாகும். மற்றொன்று, ஒலியை விடுத்து, வாசித்த செயலை மட்டும் எழுதி அனுப்புவது: இன்ன சுரம், இவ்வளவு விசை, இப்பொழுது தொடங்கிற்று, இப்பொழுது நின்றது. இது பார்சலன்று; அதன் வே-பில். இதற்கென அமைந்த பொது ஏற்பாட்டுக்கு மிடி என்று பெயர். 1983 ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த இசைக்கருவி வணிகக் காட்சியில், இரு வேறு கம்பெனிகளின் கருவிகளைக் கம்பியால் இணைத்து, ஒன்றை வாசிக்க மற்றொன்றும் ஒலிப்பதைக் காட்டினர். இதனை உருவாக்குவதில் முன்னின்ற அமெரிக்கர் டேவ் ஸ்மித்தும் ஜப்பானியர் இக்குத்தாரோ காக்கெஹாஷியும் 2013இல் கிராமி விருது பெற்றனர்.

நிற்க. அந்த வே-பில்லைச் சற்று உற்று நோக்குவோம். சுரங்களுக்கென அதில் 0 முதல் 127 வரை எண்கள் உள்ளன. பியானோவின் நடுக் கட்டை 60, அடுத்தது 61. இடையே வண்டி நிற்க நிலையமில்லை. கட்டைக் கருவிக்கு இது பொருந்தும். கட்டை அழுந்தும், அல்லது எழும். தந்தியும் மூச்சும் அத்தன்மையன அல்லவே!

கிதாரை இவ்வழியில் இழுக்க முயன்றோர் பட்ட பாடு சிறிதன்று. ஒவ்வொரு தந்தியின் கீழும் தனித்தனி ஏந்தி வைத்து, அதிர்வை எண்ணியே இன்ன சுரமெனக் கருவி தெளிய வேண்டும். மிகத் தடித்த தந்தி விநாடிக்கு ஏறத்தாழ 82 முறை அதிர்வது. அப்படியானால், விநாடியை ஆயிரம் கூறிட்டால் ஓர் அதிர்வுக்கே 12 கூறு கழிந்துவிடும். மீட்டியவுடன் எழும் சலசலப்பு அடங்கி, ஓரிரு அதிர்வுகள் முழுமையுற்ற பின்னரே சுரம் புலப்படும். வண்டி பிளாட்பாரத்தை விட்டு நகர்ந்த பின் மணி அடிப்பது போன்ற தாமதம் இது. வாசிப்பவர் விரல் இதனை உடனே உணரும். மெல்லிய தந்தியிலோ தாமதம் குறைவு. ஆக, ஒரே கருவிக்குள் தந்திக்குத் தந்தி வேறு வேறு நேரம்! விரல் உரசலையும் சுரமென்று எழுதிவிடுவது தனிக்கதை.

ஊதுகருவிக்கு வேறு வழி கண்டனர். 1987இல் யமஹா, அகாய் கம்பெனிகள் வெளியிட்ட கருவிகள் ஒலியைக் கேட்டு ஊகிப்பதில்லை. மூச்சின் அழுத்தத்தையும் விரலின் இடத்தையும் நேரே அளப்பன.

இனி நம் வீணைக்கு வருவோம். 24 மெட்டுகளுள் ஒன்றில் நின்றபடியே தந்தியை ஒருபுறம் இழுத்துப் பல சுரங்களைத் தொடலாம். தோடியின் காந்தாரம் அசையாது நின்றால் அது தோடியாகுமோ? மிடியிலும் சுரத்தை வளைக்க 16,384 படிகள் உள்ளன, படிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவ்வளைவு ஒரு தடத்தில் ஒலிக்கும் எல்லாச் சுரங்களையும் சேர்த்தே வளைக்கும். 2018இல் ஏற்கப்பட்ட எம்.பி.ஈ. முறை ஒவ்வொரு விரலின் சுரத்துக்கும் தனித் தடம் தந்தது. ஒற்றைப் பாதையை இரட்டைப் பாதை ஆக்கியது போல. சாதாரணக் கீபோர்டிலோ இடக்கையால் சக்கரமொன்றைத் திருப்பியே வளைக்க வேண்டும். சத்யநாராயணன் போன்றோர் கீபோர்டிலேயே கருநாடகக் கச்சேரி செய்கின்றனர் என்பதை மறுப்பதற்கில்லை. அது அவர்தம் பயிற்சியின் பயன், பொத்தானின் பயனன்று.

இவற்றைக் குழுவில் எடுத்துரைத்தோம். கீபோர்டு வேண்டாமென்று நாம் வாதிடவில்லை. சிறுவர் சேர்ந்திசைக்கு அது உதவும். அதற்குத் தனியே நிதி திரட்டுவோம் என்றோம். வீணையை விற்கத்தான் மனம் ஒப்பவில்லை. பொருளாளர் சிறிது முணுமுணுத்தாலும் இறுதியில் இசைந்தார்.

வீணை இப்போது வாசிக்கும் நிலையில் இல்லை. நாக்பூர் வெயிலில் மெட்டுகள் பதிந்த மெழுகு இளகி, நான்கு மெட்டுகள் சாய்ந்துவிட்டன. மேளம் கட்ட அதனைத் தஞ்சைக்கு அனுப்ப வேண்டும். மரப்பெட்டி தயாராகி வருகிறது. பார்சல் பொறுப்பு நம்முடையது. குடத்தைச் சுற்றி வைக்கப் பழைய கம்பளிகள் வைத்திருப்போர், வரும் 20ஆம் தேதிக்குள் சங்க அறையில் சேர்ப்பிக்கக் கோருகிறோம்.