துளைக்கல்லுக்குள் எரியும் நெருப்பு

கடற்பஞ்சைப் போலத் துளைகள் நிறைந்த ஒரு பீங்கான் கட்டிக்குள் எரிவாயுச் சுடரை அடைத்தால் அது அணைந்துவிடும் என்றே எவரும் நினைப்பர். துளை மிக நுண்ணியதாக இருந்தால் அது உண்மைதான். 1815-இல் ஹம்ஃப்ரி டேவி சுரங்கத் தொழிலாளர்களுக்காக உருவாக்கிய விளக்கு இந்த உண்மையை நம்பியே எரிந்தது. நெருக்கமான கம்பிவலை வெப்பத்தை உறிஞ்சிவிடுவதால் சுடர் வலையைத் தாண்டி வெளியேறாது. துளைகள் சற்றே பெரிதானால் கதை மாறுகிறது. சுடரை அணைத்த அதே திடப்பொருள் அதைக் காக்கத் தொடங்குகிறது.

காற்றில் மீத்தேன் ஏறத்தாழ 9.5 விழுக்காடு இருந்தால் எரிபொருளும் ஆக்சிஜனும் மிச்சமின்றி எரிந்து தீரும். அதற்கும் குறைவான எரிபொருளில் எரித்தால் வெப்பநிலை தணியும். சுமார் 1,500 டிகிரி செல்சியசுக்கு மேல் விரைந்து பெருகும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் குறையும். ஆனால் மீத்தேன் 5 விழுக்காட்டை ஒட்டி இறங்கும்போது சாதாரணச் சுடர் நிலைகொள்ளாது.

இந்த எல்லையைத் தாண்ட 1971-இல் வழி சொன்னவர் லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஃபீலிக்ஸ் வைன்பெர்க். எரிந்து வெளியேறும் வாயுவின் வெப்பத்தில் ஒரு பகுதியை, உள்ளே வரும் குளிர்ந்த கலவைக்குத் திருப்பித் தர வேண்டும் என்றார் அவர். 1979-இல் ஜப்பானின் தாக்கெனோவும் சாட்டோவும், சுடரின் நடுவே நுண்துளைத் திடப்பொருளை வைத்தால் இந்தக் கைமாற்று தானாகவே நிகழும் என்று கோட்பாட்டளவில் காட்டினர். திடப்பொருளின் சூடான பகுதி, கடத்தலாலும் கதிர்வீச்சாலும் வெப்பத்தைப் பின்னோக்கி அனுப்புகிறது. புதிதாக ஆற்றல் எதுவும் பிறப்பதில்லை. இருக்கும் வெப்பம்தான் சுழற்சியில் விடப்படுகிறது.

இதைக் கணினியில் உருவகப்படுத்துவது எளிதன்று. வேதிவினைகள் நுண்நொடிகளில் முடிகின்றன. பீங்கான் சூடேறவோ பல நிமிடங்கள் ஆகின்றன. துளைகளின் வடிவமும் ஒழுங்கற்றது. ஆகவே பெரும்பாலான ஆய்வாளர்கள் துளைகளைத் தனித்தனியாகப் பார்க்காமல், கட்டி முழுவதையும் சராசரியாக்கிவிடுகின்றனர். வாயுவுக்கு ஒரு வெப்பநிலை, திடப்பொருளுக்கு ஒன்று, இரண்டுக்கும் இடையே ஒரு வெப்பப் பரிமாற்றக் கெழு. சமன்பாடுகள் கைக்கு அடங்கிவிடும். ஆனால் சுடரின் வினைப்பகுதி பெரும்பாலும் துளையைவிட மெல்லியது. தன்னைவிட மெல்லியதை ஒரு சராசரி எப்படிக் காட்டும்? எக்ஸ் கதிர் ஊடுகதிர்ப் படத்தைக் கொண்டு உண்மையான துளை வடிவத்தையே கணக்கில் கொள்ளும் முறை இன்று உண்டு. அது மிகுந்த கணிப்புத் திறனைக் கேட்கிறது.

எனக்கு இதைவிடக் கவலையளிப்பது வேதியியல் பகுதியில் காட்டப்படும் சிக்கனம். மீத்தேன் எரிவதை விவரிக்கும் பரவலான தொகுப்பான ஜிஆர்ஐ-மெக் 3.0-இல் 53 வேதிப்பொருள்களும் 325 வினைகளும் உள்ளன. இவ்வளவையும் ஒரே வினையாகச் சுருக்கி, மீத்தேன் நேரே கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் ஆகிறது என்று எழுதிவிடுவோரும் உண்டு. கணக்கு விரைவில் முடியும். வண்ணப் படங்களும் அழகாக வரும். அந்தக் கணக்கில் கார்பன் மோனாக்சைடு என்ற பொருளே இல்லை. உச்ச வெப்பநிலையும் கூடுதலாகவே வரும். எரிபொருள் குறைந்த கலவையில், அணையும் விளிம்பை நெருங்கும்போதுதான் முழுமையாக எரியாத கார்பன் மோனாக்சைடு மிகும் என்பதை நினைத்தால், இந்தச் சிக்கனம் நம்மை எங்கே ஏமாற்றும் என்பது புரியும்.

இது ஆய்வகத்தோடு நிற்கும் விவாதமன்று. நிலக்கரிச் சுரங்கங்களின் காற்றோட்டக் குழாய்கள் வெளியேற்றும் காற்றில் மீத்தேன் பெரும்பாலும் 1 விழுக்காட்டுக்கும் குறைவு. 100 ஆண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைவிட 27 முதல் 30 மடங்கு புவியைச் சூடாக்கும் அந்த வாயு, வெறுமனே காற்றில் கலக்கிறது. சூடான பீங்கான் படுகை வழியே அந்தக் காற்றைச் செலுத்தி, ஓட்டத் திசையை அவ்வப்போது மாற்றி எரிக்கும் அமைப்புகளும் இதே வெப்பத் திருப்பு முறையில் இயங்குபவையே. படுகை குளிர்ந்துவிடும் எல்லையைக் கணக்கீடு தவறாகச் சொன்னால், மீத்தேன் எரியாமலே கடந்துபோகும்.

நம் வீடுகளுக்கு நெருக்கமானது கௌஹாத்தி ஐஐடி ஆய்வாளர்கள் உருவாக்கிய, நுண்துளை எரிப்பான் பொருத்திய சமையல் எரிவாயு அடுப்பு. அங்கே வெப்பத் திறனோடு கார்பன் மோனாக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடு உமிழ்வுகளும் கருவி வைத்து அளக்கப்பட்டன. கணினிக் கணக்கை மட்டும் காட்டும் கட்டுரைகளைப் படிக்கையில் நான் முதலில் தேடுவது அத்தகைய அளவீட்டைத்தான். அடுத்ததாக, வெப்பப் பரிமாற்றக் கெழு எங்கிருந்து எடுக்கப்பட்டது என்ற வரியை.