60 சேர், 4 நடிகர்கள், மைக் கிடையாது... சின்ன அரங்க நாடகத்துக்கு முதல்முறை போறீங்களா?

வெள்ளிக்கிழமை சாயங்காலம், வீக் எண்டுக்கு என்ன பண்ணலாம்னு போனை எடுக்கறீங்க. டிக்கெட் ஆப்பைத் திறந்தா புதுப்படம், ஸ்டாண்ட்-அப், மியூசிக் கான்செர்ட்னு வரிசையா போஸ்டர்கள். இன்னும் கொஞ்சம் கீழே தள்ளினால் 'நாடகம்' என்று ஒரு வரிசை இருக்கும். குழுவோட பேரும் தெரியாது, நடிக்கிறவங்களையும் தெரியாது, அரங்கம் எந்தத் தெருவில் இருக்குன்னும் தெரியாது. டிரெய்லர் இல்லை, ரேட்டிங் இல்லை. விரல் தானாக அடுத்த வரிசைக்குப் போய்விடும்.

போகட்டும். ஆனால், அடுத்த முறை அந்த இடத்தில் ஒரு நிமிஷம் நின்று பாருங்க. அங்கே விற்பது வெறும் டிக்கெட் இல்லை, அன்றைய ஷோவில் உங்களுக்கான வேலையும்தான். என்ன வேலை? சொல்கிறோம்.

சின்ன அரங்கம்னா எப்படி இருக்கும்?

நாடகம் என்றதும் நம்மில் பலருக்கு ஸ்கூல் ஆண்டு விழாவும் சபா காமெடியும்தான் ஞாபகம் வரும். உயரமான மேடை, வெல்வெட் திரை, தொங்கும் மைக். அந்த அமைப்புக்கு 'ப்ரொசீனியம்' என்று பெயர். போட்டோவுக்கு ஃபிரேம் போட்ட மாதிரி, நாடகம் ஒரு சட்டத்துக்குள் நடக்கும். நாம் எதிரே, இருட்டில், தள்ளி உட்கார்ந்திருப்போம்.

சின்ன அரங்கத்தில் பெரும்பாலும் அந்தச் சட்டமே இருக்காது. ஒரு பெரிய அறை. சுவர், கூரை எல்லாம் கறுப்பு. இதைத்தான் 'பிளாக் பாக்ஸ்' என்கிறார்கள். கறுப்பு ஏன்? விளக்கு வெளிச்சம் சுவரில் பட்டுத் திரும்பி வந்தால், காட்ட வேண்டாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும். கறுப்புச் சுவர் வெளிச்சத்தை விழுங்கிவிடும். அப்போது அறையே காணாமல் போய், விளக்கு விழும் இடம் மட்டும் மிஞ்சும். ஒரு நாற்காலியைப் போட்டு மேலே மஞ்சள் விளக்கை விட்டால் வீடு. அதே நாற்காலிக்கு நீல விளக்கு போட்டால் ராத்திரி நேரத்து பஸ் ஸ்டாப். செட்டுக்கு லட்சக்கணக்கில் செலவு பண்ண முடியாத குழுக்களுக்கு இது பெரிய வரம்.

மேடை என்று தனியாக உயரமும் இருக்காது. நீங்கள் செருப்பைப் போட்டு நடந்து வந்த அதே தரையில்தான் நடிகர் நிற்பார். படிக்கட்டு மாதிரி பலகைகளோ பிளாஸ்டிக் சேர்களோ போட்டு, இரண்டு பக்கமோ மூன்று பக்கமோ ஆட்களை உட்கார வைப்பார்கள். 60 பேர், 80 பேர் உட்கார்ந்தாலே ஹவுஸ்ஃபுல். இந்தியாவில் இந்த மாதிரி நெருக்கமான அரங்குக்குப் பலரும் காட்டும் உதாரணம், மும்பை ஜுஹூவில் இருக்கும் பிருத்வி தியேட்டர். சசி கபூரும் ஜெனிஃபர் கபூரும் 1978-ல் திறந்தது. மொத்தமே 200 சீட்தான், அதுவும் மூன்று பக்கம்.

நமக்கு இது புதுசா?

இல்லவே இல்லை. தெருக்கூத்து பார்த்திருக்கிறீர்களா? களத்தைச் சுற்றி மூன்று பக்கமும் ஜனங்கள் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். கட்டியங்காரன் கூட்டத்தைப் பார்த்துக் கிண்டலடிப்பான், கூட்டத்திலிருந்து ஒருத்தர் பதில் கொடுப்பார், அதையும் சேர்த்துக்கொண்டு கூத்து நகரும். சட்டம் போட்ட மேடை நமக்கு வந்து சேர்ந்தது பிறகுதான்.

புரிசைக் கூத்தைப் பார்த்து வியந்துபோன எழுத்தாளர் ந.முத்துசாமி, 1977-ல் சென்னையில் 'கூத்துப்பட்டறை'யைத் தொடங்கினார். பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம் எல்லாம் அங்கே பயிற்சி எடுத்தவர்கள். விஜய் சேதுபதி அங்கே கணக்காளராக வேலை பார்த்தவர், நடிகர்கள் ஒத்திகை பார்ப்பதைப் பக்கத்திலிருந்தே கவனித்தவர். பெரிய திரையில் நீங்கள் ரசித்த பல முகங்கள் ஒரு சின்ன அறையில் உருவானவைதான்.

கொல்கத்தாவில் பாதல் சர்க்கார் இன்னும் ஒரு படி மேலே போனார். மேடை, செட், விலையுயர்ந்த லைட்டிங் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு, ஓர் அறையிலோ தெருவிலோ மக்களுக்கு நடுவே நாடகம் போட்டார். அதற்கு 'மூன்றாம் அரங்கு' என்று பெயர் வைத்தார். 1980-ல் அவர் சென்னைக்குப் பக்கத்தில் சோழமண்டலத்தில் நடத்திய பயிற்சி முகாம், தமிழ் நவீன நாடகக்காரர்களுக்கு ஒரு திருப்புமுனை. போலந்து இயக்குநர் குரோட்டோவ்ஸ்கி சொன்னதும் இதே பக்கம்தான் வரும். ஒப்பனையை எடுத்துவிடலாம், செட்டை எடுத்துவிடலாம், இசையைக்கூட எடுத்துவிடலாம். நடிகரும் பார்வையாளரும் நேருக்கு நேர் இருப்பதை மட்டும் எடுத்துவிட்டால் நாடகமே இல்லை என்பது அவர் கட்சி.

உங்க வேலை இங்கேதான் ஆரம்பிக்குது

சினிமா தியேட்டரில் நீங்கள் சிரித்தாலும் தூங்கினாலும் திரையில் ஓடுவது மாறாது. சின்ன அரங்கத்தில் மாறும். பத்தடி தூரத்தில் நிற்கும் நடிகருக்கு உங்கள் சிரிப்பு மட்டுமல்ல, நீங்கள் மூச்சை இழுத்துப் பிடிப்பதும் கேட்கும்.

உதாரணத்துக்கு, ஒரு காமெடி வசனம். கூட்டம் சிரிக்குது. அனுபவமுள்ள நடிகர் அடுத்த வசனத்தை உடனே சொல்ல மாட்டார். சிரிப்பு உச்சிக்குப் போய் இறங்க ஆரம்பிக்கும் நொடி வரைக்கும் காத்திருப்பார். சீக்கிரம் சொன்னால் வசனம் சிரிப்பில் மூழ்கிவிடும், லேட்டாகச் சொன்னால் வேகம் போய்விடும். அந்த நொடியை முடிவு செய்வது நீங்கள். சோகமான காட்சியில் கூட்டம் சுத்தமாக அமைதியானால், நடிகர் குரலை இன்னும் இறக்குவார். மைக் இல்லாமலே கிசுகிசுப்பு கடைசி வரிசைக்குப் போகும். கூட்டம் நெளிந்துகொண்டிருந்தால் அதே இடத்தில் அவர் குரலை ஏற்றித்தான் ஆகணும். சனிக்கிழமை பார்த்த நாடகமும் ஞாயிற்றுக்கிழமை பார்த்த நாடகமும் ஒன்றாக இல்லாமல் போவது இதனால்தான்.

பார்வையாளர்களுக்குள்ளேயும் ஏதோ நடக்குது. 2017-ல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள், ஒரு மியூசிக்கல் நாடகம் பார்க்க வந்த 12 பேரின் இதயத்துடிப்பை அளந்து பார்த்தார்கள். ஒருத்தரை ஒருத்தர் தெரியாதவர்களின் துடிப்புகூட நாடகம் ஓடும்போது ஒன்றாக ஏறி இறங்கியதாகச் சொன்னார்கள். வெறும் 12 பேர், அதுவும் டிக்கெட் விற்கும் ஒரு நிறுவனத்தோடு சேர்ந்து செய்தது என்பதால் இதைப் பெரிய ஆதாரமாகத் தூக்கிப் பிடிக்க வேண்டாம். ஆனால் கூட்டத்தோடு உட்கார்ந்து ஒரே நேரத்தில் கண் கலங்கியவர்களுக்கு இது ஆச்சர்யமாகவும் இருக்காது.

இன்னொரு விஷயம். சினிமாவில் யாரைப் பார்க்கணும் என்று கேமரா முடிவு பண்ணிவிடும். இங்கே நீங்கள்தான் கேமரா. ஒரு சின்ன டிப்ஸ்: பேசுகிறவரையே பார்க்காதீங்க. கேட்டுக்கொண்டிருப்பவரையும் பாருங்க. வசனமே இல்லாமல் ஒரு நடிகர் எவ்வளவு வேலை செய்கிறார் என்று அப்போதுதான் தெரியும்.

டிக்கெட் காசு எங்கே போகுது?

சும்மா ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 80 சீட், டிக்கெட் 300 ரூபாய். ஹவுஸ்ஃபுல் ஆனால் 24,000 ரூபாய். அதில் அரங்க வாடகை, விளக்கு வாடகை, லைட் ஆபரேட்டர் சம்பளம், உடை, பொருட்களை ஏற்றி வரும் வண்டி, ஆப்புக்கு கமிஷன். இதற்கு முன் இரண்டு மாதம் ஒத்திகை பார்த்திருந்தால் அந்த இடத்துக்கான வாடகை, டீ, சாப்பாடு தனி. மிச்சம் ஏதாவது இருந்தால் அதை நான்கு நடிகர்களும் இயக்குநரும் பிரித்துக்கொள்ளணும். பாதி சீட் காலி என்றால்? பிரிக்க ஒன்றும் இருக்காது, கையை விட்டுத்தான் போடணும்.

பகலில் ஐ.டி-யிலோ பள்ளியிலோ வேலை பார்த்துவிட்டு, சாயங்காலம் ஒத்திகைக்கு ஓடி வருகிறவர்கள் இந்தக் குழுக்களில் அதிகம். 'நல்லா இருக்கும்னு சொல்றாங்க, அடுத்த தடவை போடும்போது பார்த்துக்கலாம்' என்று நாம் தள்ளிப்போடும் நாடகத்துக்கு அடுத்த தடவை என்று ஒன்று வராமலேயே போகலாம். மூன்று ஷோவுக்குக் கூட்டம் வரவில்லை என்றால் நாலாவது ஷோவுக்கு அரங்கம் பிடிக்கக் காசு இருக்காது. மொபைலில் எடுத்த வீடியோ ஏதாவது இருக்கலாம், ஆனால் நடிகர் குரலை இறக்கியபோது அறை உறைந்த அந்த நொடி அதில் இருக்காது. ஓ.டி.டி-யில் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற வசதி இங்கே இல்லை. 200 பேர் வேண்டாம், இன்னும் 20 பேர் வந்தால் போதும் என்பதுதான் பல ஷோக்களின் நிலைமை. அந்த 20-ல் ஒருத்தராக இருப்பதற்கு வெயிட் அதிகம்.

உங்கள் பர்ஸுக்கு ஒரு நல்ல செய்தி: 500 ரூபாய் வரைக்குமான நாடக டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி கிடையாது.

முதல்முறை போகிறவங்க கவனத்துக்கு...

*கால் மணி நேரம் முன்னாடியே போயிடுங்க.* சின்ன அரங்கத்தில் வாசல் பெரும்பாலும் நடிக்கும் இடத்தை ஒட்டியே இருக்கும். லேட்டாக வருகிறவர் கதாபாத்திரத்தைத் தாண்டித்தான் சீட்டுக்குப் போகணும். பெங்களூரு ஜே.பி.நகரில், நடிகர் சங்கர் நாக் நினைவாக அருந்ததி நாக் 2004-ல் உருவாக்கிய 'ரங்கசங்கரா'வில் மணி அடித்துக் கதவைச் சாத்திவிட்டால் சாத்தியதுதான். டிக்கெட் கையில் இருந்தாலும் உள்ளே விட மாட்டார்கள். டிராஃபிக் காரணமெல்லாம் செல்லாது.

*போனை சைலன்ட்டில் போட்டால் போதாது, ஆஃப் பண்ணுங்க.* சத்தத்தைவிட வெளிச்சம்தான் பெரிய தொல்லை. கறுப்பு அறையில் ஒரு மெசேஜ் வந்து ஸ்கிரீன் எரிந்தால், அது நேராக நடிகரின் கண்ணில் அடிக்கும். இரண்டு மாதம் பாடுபட்டு உருவாக்கிய இருட்டு ஒரு நோட்டிஃபிகேஷனில் போயிடும்.

*முன் வரிசைக்குப் பயப்படாதீங்க.* 'இழுத்து நடிக்க வெச்சிடுவாங்களோ' என்ற பயம் பலருக்கு உண்டு. அப்படி நடப்பது அரிது. கூச்சமாக இருந்தால் இரண்டாவது வரிசை பெஸ்ட்.

*புரியலைன்னா பதற்றப்படாதீங்க.* நவீன நாடகம் கதையை நேர்க்கோட்டில் சொல்லணும் என்று கட்டாயமில்லை. ஒரு அசைவு, ஒரு சத்தம், திரும்பத் திரும்ப வரும் ஒரு பொருள், இதில் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு போங்க. மிச்சம் வீட்டுக்குப் போகும் வழியில் புரியலாம்.

*முடிஞ்சதும் ஓடிடாதீங்க.* பல குழுக்களில் நடிகர்கள் ஒப்பனையைக் கலைத்துவிட்டு வாசலில்தான் நிற்பார்கள். 'அந்த சீன்ல ஏன் திரும்பி நின்னீங்க?' என்று தாராளமாகக் கேளுங்க. பிடிக்கவில்லை என்றாலும் சொல்லுங்க. சின்ன அரங்கில் நடப்பதாலேயே எல்லாம் நல்ல நாடகம் ஆகிவிடாது. இழுவையும் உண்டு, கத்தலும் உண்டு. 'நல்லா இருந்துச்சு சார்' என்று பொய் சொல்லிவிட்டுப் போவதைவிட, எங்கே போர் அடித்தது என்று சொல்வது அவர்களுக்கு அடுத்த ஷோவில் உதவும்.

எங்கே தேடுறது?

சென்னையில் என்றால் விருகம்பாக்கம் கூத்துப்பட்டறை, நுங்கம்பாக்கம் காலேஜ் ரோட்டில் இருக்கும் அலியான்ஸ் பிரான்சேஸ் அரங்கம் ஆகியவற்றின் நிகழ்ச்சி அறிவிப்புகளைப் பாருங்க. புதுச்சேரி பக்கம் போனால், வீணாபாணி சாவ்லா உருவாக்கிய 'ஆதிசக்தி' ஆரோவில்லுக்கு அருகே இருக்கிறது. தெற்கே கோவில்பட்டியை மையமாகக் கொண்டு முருகபூபதியின் 'மணல்மகுடி' இயங்குகிறது. தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் புதுச்சேரி பல்கலைக்கழகத்திலும் நாடகம் ஒரு படிப்பாகவே இருப்பதால், மாணவர் தயாரிப்புகளையும் தேடிப் பார்க்கலாம்.

பெரிய விளம்பரத்துக்குக் காசு இல்லாததால், பெரும்பாலான குழுக்கள் இன்ஸ்டாகிராமில்தான் தேதியைச் சொல்வார்கள். இரண்டு குழுக்களை ஃபாலோ பண்ணி வையுங்க, அங்கிருந்து மற்றவர்கள் பெயர் தானாக வரும். போகும்போது நாடகமே பார்க்காத ஒரு ஃபிரெண்டையும் இழுத்துக்கிட்டுப் போங்க. 80 சீட் அறையில் இரண்டு பேர் என்பது சின்ன எண்ணிக்கை இல்லை. விளக்கு அணைந்ததும் உள்ளே திரைக்குப் பின்னால் நிற்பவர்கள் முதலில் எட்டிப் பார்த்து எண்ணுவது அதைத்தான்.