சிங்கப்பூர் டிக்கெட்டா? உஷார்!

கோவை பீளமேட்டில் ஏறினால் நேரே சிங்கப்பூரில் இறங்கலாம். லீவு விட்டால் குடும்பத்தோடு பறக்க ஆசைப்படுகிறவர்கள் பலர். இவர்களைக் குறி வைத்துத்தான் பலே ஆசாமிகள் வலை வீசுகிறார்கள்.

"பாதி விலைங்க, இன்னிக்கே பணம் அனுப்பீருங்க" என்பார்கள். சீட்டை 'பிளாக்' செய்து பி.என்.ஆர். எண்ணும் தருவார்கள். பார்த்தால் அசல் டிக்கெட் மாதிரியே இருக்கும்! ஆனால் விமானக் கம்பெனிக்குப் பணம் போய்ச் சேராததால் அது தானாக ரத்தாகி விடும். ஆசாமி கம்பி நீட்டி விடுவார். பெட்டி படுக்கையோடு கவுண்டரில் நிற்கும்போதுதான் குட்டு வெளிப்படும்.

தப்பிக்க என்ன வழி? விமானக் கம்பெனியின் இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டுப் பாருங்கள். 'கன்பர்ம்' என்று வர வேண்டும். மறுநாளும் பாருங்கள், கிளம்பும் முன்பும் பாருங்கள். ஏமாந்து விட்டால் வெட்கப்பட வேண்டாம். சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்கு உடனே போன் போடுங்க!