காசு கொடுத்துத் திறக்கும் பரிசுப் பெட்டி

விதை, பசளை, கிணறு, கடன் என்பனவே எமது பக்கங்களில் வழமையாக இடம்பெறும் விடயங்கள். இம்முறை கைத்தொலைபேசியில் பிள்ளைகள் விளையாடும் விளையாட்டுகளைப் பற்றி எழுதுகிறோம். காரணம் உண்டு. இடம்பெயர்ந்து வாழும் குடும்பமொன்றில் பெரும்பாலும் ஒரு தொலைபேசிதான் இருக்கும். உறவினரோடு பேசுவதும் அதில்தான், பிள்ளைகள் பாடம் படிப்பதும் விளையாடுவதும் அதில்தான். அதே தொலைபேசி வழியாகக் காசும் வெளியேறலாம். அது எவ்வாறு வெளியேறுகிறது, விளையாடுபவர்களே அதனால் ஏன் ஆத்திரமடைகிறார்கள் என்பவற்றை நாம் விளங்கிக் கொள்வது நல்லது.

இவ்விளையாட்டுகளிற் பல இலவசமானவை. அப்படியாயின் கம்பனிக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது? விளையாட்டுக்குள்ளே விற்கப்படும் பொருட்களிலிருந்து வருகிறது. பலமான வீரன், அழகான உடை, அரிய ஆயுதம் போன்றவை அப்பொருட்கள். ஆனால் விரும்பிய பொருளை விலை கொடுத்து நேரடியாக வாங்க முடியாது. மூடிய பெட்டியொன்றையே வாங்கலாம். உள்ளே என்ன இருக்கும் என்பது திறந்த பின்னரே தெரியும்.

யப்பானில் இதனைக் ‘காச்சா’ என்கிறார்கள். அங்கு கடை வாசல்களில் நாணயம் போட்டுக் கைபிடியைத் திருகினால் பிளாஸ்டிக் உருண்டைக்குள் பொம்மையொன்று விழும் இயந்திரங்கள் உள்ளன. திருகும் சத்தத்திலிருந்து வந்த பெயர் அது. தொலைபேசி விளையாட்டுகள் அந்தப் பெயரையும் முறையையும் எடுத்துக் கொண்டன.

திருவிழாக் கடைகளில் சுருட்டிய கடதாசித் துண்டை எடுத்து, அதிலுள்ள இலக்கத்துக்குரிய பரிசைப் பெறும் விளையாட்டை நாம் கண்டிருக்கிறோம். தொலைபேசிப் பெட்டியும் அதுதானே என்று நினைக்கலாம். ஆனால் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. கடைக்காரரின் பெட்டியில் நூறு துண்டுகள் இருந்து, தொண்ணூற்றொன்பது எடுக்கப்பட்டும் பெரிய பரிசு விழவில்லையெனில், கடைசித் துண்டில் அது இருந்தே ஆகவேண்டும். தொலைபேசிப் பெட்டியிலோ எடுத்த துண்டு ஒவ்வொரு முறையும் திரும்பவும் உள்ளே போடப்படுகிறது. பெட்டி ஒருபோதும் குறைவதில்லை. தொண்ணூற்றொன்பது தடவை தோற்றவருக்கும் முதல் தடவை வந்தவருக்கும் வாய்ப்பு ஒன்றே.

நூற்றுக்கு ஒன்று என்ற வாய்ப்பை எடுத்துக்கொள்வோம். நூறு தடவை திறந்தால் நிச்சயம் கிடைக்கும் என்றுதான் பலர் எண்ணுகிறார்கள். அது பிழை. நூறு பேர் தலைக்கு நூறு தடவை திறந்தால், அவர்களில் ஏறத்தாழ 37 பேருக்கு அப்பொருள் கிடைக்காது. தலைக்கு இருநூறு தடவை திறந்தாலும் சுமார் 13 பேர் வெறுங்கையோடு நிற்பார்கள். முந்நூறு தடவை திறந்த பின்னரும் ஐந்து பேர் மிஞ்சுவார்கள். இலட்சக்கணக்கானோர் விளையாடும் விளையாட்டில் நூற்றுக்கு ஐந்து என்பது எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். நீண்ட கோடைக்குப் பின் மழை வந்தே தீரும் என்று காத்திருந்து பழகியவர்கள் நாம். மழைக்குப் பருவம் உண்டு. இந்தப் பெட்டிக்கு அது இல்லை.

இன்னொரு வகைப் பெட்டி இதைவிட மோசமானது. பெட்டிகளிலிருந்து ஆறு துண்டுப் பொருட்களைச் சேர்த்து முடித்தால் பெரிய பரிசு தரப்படும். ஆறுக்கும் ஒரே வாய்ப்பு என்றே வைத்துக்கொண்டாலும், எல்லாவற்றையும் சேர்க்கச் சராசரியாகப் பதினைந்து பெட்டிகள் வரை வேண்டும். முதல் நான்கும் விரைவாகச் சேர்ந்துவிடும். கடைசி இரண்டுக்கு மட்டும் சராசரியாக ஒன்பது பெட்டிகள் தேவை. ‘இன்னும் ஒன்றுதானே’ என்ற நிலையிலேயே அதிக காசு போகிறது; அந்த நிலையில் விட்டுவிட எவருக்கும் மனம் வராது. யப்பானிய நுகர்வோர் விவகார முகவரகம் 2012 மே மாதத்தில் இம்முறை அந்நாட்டுச் சட்டத்துக்கு முரணானது என்று அறிவித்தது. கம்பனிகள் அதனைக் கைவிட்டன. சாதாரணப் பெட்டிகள் தொடர்ந்தன.

2015 இன் இறுதியிலும் 2016 இன் தொடக்கத்திலும் அங்கு இன்னொரு கொந்தளிப்பு எழுந்தது. ‘கிரான்புளூ பாண்டசி’ என்ற விளையாட்டில் ஒரேயொரு பாத்திரத்தைப் பெறுவதற்காக ஒருவர் 2,276 தடவைகள் பெட்டி திறந்தார். அதற்குச் சுமார் 7 இலட்சம் யென் செலவானது. மற்றவர்கள் பார்த்துக் கொண்டிருக்கவே அவர் இதைச் செய்தபடியால் விடயம் பரவியது. அதே பாத்திரத்துக்காகக் காசைக் கொட்டிய பலரும் கொதித்தெழுந்தார்கள். முடிவில் 300 தடவை திறந்தவர் தமக்கு விருப்பமானதைத் தெரிவு செய்யலாம் என்று கம்பனி ஒரு எல்லை வகுத்தது. தடவைக்கு 300 யென் என்றால் அந்த எல்லையே 90,000 யென்னாகும்! அதைச் சலுகை என்று சொல்ல எமக்கு மனமில்லை.

விதைப் பையும் பெட்டியும்

விதைப் பையின் மேல் முளைதிறன் நூற்றுக்கு எண்பது என்று அச்சிட்டிருந்தால் நாம் அதை அப்படியே நம்புவதில்லை. நூறு விதையை ஈரச் சாக்கில் சுற்றி வைத்து, முளைத்தவற்றை எண்ணிப் பார்க்கிறோம். பெட்டி வாங்குபவருக்கு அந்த வசதி இல்லை. கணக்கு முழுவதும் கம்பனியின் கணினியில் இருக்கிறது. அவர்கள் எழுதியதை நம்புவதைத் தவிர வேறு வழியில்லை.

எழுதாமலே விட்டால் என்ன நடக்கும் என்பதற்குத் தென்கொரியா சாட்சி. ‘மேப்பிள் ஸ்ரோரி’ என்பது அங்கு புகழ்பெற்ற கணினி விளையாட்டு. அதில் ஆயுதங்களின் தன்மையை மாற்றும் ‘கியூப்’ என்ற பொருளை மக்கள் காசுக்கு வாங்கினார்கள். எல்லோரும் விரும்பிய சில சேர்க்கைகள் கிடைக்கும் வாய்ப்பைக் கம்பனி 2011 ஆம் ஆண்டிலிருந்து பூச்சியமாக்கி வைத்திருந்தது. அதாவது, வராத ஒன்றுக்காக 2021 வரை மக்கள் பணம் கட்டினார்கள். 2021 இன் தொடக்கத்தில் அந்நாட்டு விளையாட்டாளர்கள் தமக்குள் பணம் சேர்த்து, மின்திரை பூட்டிய லொறிகளை வாடகைக்கு அமர்த்தி, விளையாட்டுக் கம்பனிகளின் வாசலில் தமது குறைகளை ஓடவிட்டார்கள். கூச்சலோ கல்லெறியோ இல்லை. ஆனாலும் பலன் கிடைத்தது. 2024 சனவரியில் அந்நாட்டு நியாய வர்த்தக ஆணைக்குழு ‘நெக்சன்’ கம்பனிக்கு 1,160 கோடி வொன்னுக்கும் மேற்பட்ட தண்டப் பணம் விதித்தது. அதே ஆண்டு மார்ச் 22 முதல் வாய்ப்பு வீதங்களை வெளியிடுவது அங்கு சட்டப்படி கட்டாயமாயிற்று. சீனா 2017 இலேயே இவ்வாறு கட்டாயப்படுத்தியிருந்தது.

பெல்ஜியம் இன்னும் கடுமையாக நடந்தது. காசு கொடுத்துத் திறக்கும் பெட்டி சூதாட்டமே என்று அதன் ஆணைக்குழு 2018 இல் தீர்மானித்தது. அயல்நாடான நெதர்லாந்தில் உயர் நிர்வாக நீதிமன்றம் 2022 இல் மறுதலையாகத் தீர்ப்பளித்தது. காற்பந்து விளையாட்டு ஒன்றில் விற்கப்பட்ட பெட்டிகள் பெரிய விளையாட்டொன்றின் பகுதியேயன்றித் தனியான சூதாட்டமல்ல என்பது அதன் வாதம். எமது கருத்தைக் கேட்டால், பெல்ஜியத்தின் பக்கமே நியாயம் அதிகம் என்போம்.

விலை மறைந்திருப்பதும் குழப்பத்துக்கு ஒரு காரணம். பெட்டிக்கு இத்தனை ரூபா என்று அங்கு எழுதியிருப்பதில்லை. காசுக்கு முதலில் பளிங்குக் கற்கள் வாங்க வேண்டும். கற்களை வேறொன்றாக மாற்ற வேண்டும். அதைக் கொண்டுதான் பெட்டி திறக்கலாம். இதற்கிடையில் எவ்வளவு செலவாயிற்று என்ற கணக்கு பெரியவர்களுக்கே தப்பிவிடும், பிள்ளைகள் என்ன செய்வார்கள்? ‘கென்சின் இம்பாக்ட்’ விளையாட்டின் மீது ஐக்கிய அமெரிக்காவின் வர்த்தக ஆணைக்குழு சுமத்திய குற்றச்சாட்டுகளில் இதுவும் ஒன்று. 2025 சனவரியில் அக்கம்பனி 2 கோடி டொலர் செலுத்தவும், பெற்றோரின் சம்மதமின்றி 16 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பெட்டி விற்காதிருக்கவும் இணங்கியது.

வீட்டில் செய்யக் கூடியவை

பிள்ளையை அடிப்பதாலோ தொலைபேசியைப் பறித்து ஒளிப்பதாலோ அதிகம் ஆகப்போவதில்லை. அவனோடு அமர்ந்து, பெட்டியில் எழுதியுள்ள வாய்ப்பு வீதத்தை வாசிக்கச் சொல்லுங்கள். ஆப்பிள் 2017 இலும் கூகிள் 2019 இலும் வீதங்களை வெளியிட வேண்டும் என்று விதித்ததால், அது எங்காவது சிறிய எழுத்தில் இருக்கும். பின்பு ஒரு பையில் தொண்ணூற்றொன்பது நெல்லும் ஒரு பயறும் போட்டு, கண்ணை மூடி ஒன்று எடுத்து, பார்த்துவிட்டுத் திரும்பப் போடச் சொல்லுங்கள். பயறு வரும்வரை எத்தனை தடவை என்று அவனே எண்ணட்டும்.

தொலைபேசியின் ‘பிளே ஸ்ரோர்’ அமைப்பில், ஒவ்வொரு கொள்வனவுக்கும் இரகசியச் சொல் கேட்கும்படி செய்யலாம். அந்தச் சொல்லைப் பெரியவர்கள் மாத்திரம் வைத்திருக்க வேண்டும். வங்கி அட்டை இலக்கத்தை அதில் பதிந்து வைக்காதிருப்பது இன்னும் பாதுகாப்பு. வெளிநாட்டு உறவினர் யாராவது தமது அட்டையைப் பதிந்து கொடுத்திருந்தால் அவரிடம் கேட்டு நீக்கிவிடுங்கள். தெரியாமல் ஏதாவது வாங்கப்பட்டுவிட்டால் 48 மணித்தியாலத்துக்குள் கூகிளிடமே பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். கொடுப்பதும் மறுப்பதும் அவர்கள் பொறுப்பு. அந்த நேரம் கடந்தால் விளையாட்டை நடத்தும் கம்பனியிடம்தான் எழுதிக் கேட்க வேண்டியிருக்கும்.