முதல் மோட்டார் சைக்கிள்

பருத்த உடலினராகிய மாணவர் முதன்முதல் மோட்டார் சைக்கிள் வாங்கப் புகுங்கால், பெரிய உடலுக்குப் பெரிய வண்டியே தகுமென்று பலரும் கூறுவர். நாம் அதனை ஒப்புவதில்லை. ஓடுங்கால் வண்டியின் பாரம் அவ்வளவாகத் தோன்றாது, தாம்பரத்து ஜி.எஸ்.டி. சாலை நெரிசலில் ஊர்ந்து செல்லும்போதும், ரயில் நிலையத்தருகே வண்டிகளினிடையே பின்னுக்கு இழுக்கும்போதுமே அது தன் குணத்தைக் காட்டும். சாய்ந்துவிட்ட வண்டியை உடல் வலிமையால் தாங்கிவிடலாமென்பது வெறும் மயக்கம். கணுக்கால் அதனடியில் அகப்படுவது இவ்வாறே.

ஒரகடத்தில் 2013 முதல் ஆலை நடத்திவரும் ராயல் என்ஃபீல்டாரின் வண்டிகளையே எடுத்துக்கொள்வோம். 2023-இல் வந்த புல்லட் 350-இன் எடை 195 கிலோ, ஆசன உயரம் 805 மில்லிமீட்டர். ஹண்டர் 350-இன் எடை 181 கிலோ, உயரம் 790. இரண்டிலும் எஞ்சின் 349 சி.சி.யே. குட்டையாய்ப் பருத்தவர்க்கு ஹண்டர் நன்று. நெடிய காலுடையார்க்கோ அதில் முழங்கால் மிக மடங்கும், அவர் புல்லட்டை நாடலாம்.

விற்பவர் சொல்ல மறப்பது ஒன்றுண்டு. வண்டிக்கு அனுமதித்த மொத்த எடையினின்று அதன் சொந்த எடையைக் கழித்தால் எஞ்சுவதே அது சுமக்கத்தக்க பாரம். பின்னே நண்பரையும் ஏற்றுவோர் இக்கணக்கைப் பார்த்தே வாங்குக. பின்சக்கர ஸ்பிரிங்குகளையும் தம் எடைக்கேற்பச் சில படி இறுக்கித் தரக் கேட்டல் வேண்டும். இன்றேல் குழிதோறும் வண்டி அடிதட்டும். மழைக்காலத்தில் முடிச்சூர்ச் சாலையில் ஒருமுறை சென்றாலே தெரிந்துவிடும்.