பாளைச் சாறும் பயணத் தம்பதியரும்

குடிவகை தேடி நாடு சுற்றுவது மேல்நாட்டாரிடையே ஒரு தனிப் பொழுதுபோக்காக வளர்ந்திருக்கிறது. பெல்ஜியத்துத் துறவி மடங்களில் காய்ச்சப்பெறும் பியர், பவேரியாவின் ஊர்தோறும் வேறுபடும் பியர், ஸ்கொத்துலாந்தின் மலையடிவாரங்களில் வடிக்கப்பெறும் விஸ்கி ஆகியவற்றைச் சுவைத்து, அவ்வவ்வூர் உணவையும் உண்டு, குறிப்பெழுதிக்கொண்டு செல்லும் கணவனும் மனைவியும் அந்நாடுகளில் ஏராளம். அத்தகைய தம்பதியர் இலங்கைக்கும் வருகின்றனர். கடலலை விளையாட்டுக்குப் பெயர்பெற்ற அறுகம்பேயில் சில நாள் தங்கியபின், பொத்துவிலிலிருந்து கரையோரமாக வடக்கு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் அவர்கள் புறப்பட்டால், திருக்கோவில், தம்பிலுவில், அக்கரைப்பற்று ஆகியவற்றைக் கடந்து, சற்று நேரத்தில் அட்டாளைச்சேனையை அடைவர். அதற்கும் அப்பால் பாலமுனை, ஒலுவில், நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை என ஊர்கள் ஒன்றோடொன்று தோள் உரசி நிற்கின்றன. ஒரு பக்கம் வங்கக் கடல். மறுபக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் வயல்.

இவ்வூர்களுள் பெரும்பாலானவை தமிழ் பேசும் முஸ்லிம்களின் ஊர்கள். இங்கு மது விலக்கப்பட்ட பொருள். எனவே, ஊருக்கொரு பியர் என்று எதிர்பார்த்து வருவோரின் குறிப்பேடு இங்கு வெறுமையாக இருக்கும் என்று எவரும் எண்ணலாம். உண்மை அவ்வாறன்று. நொதித்தல் என்னும் இயற்கை நிகழ்ச்சியை அறிய விரும்புவோர்க்கு இக்கரையில் கிடைக்கும் பாடம் பெரிது.

முதலில் பியரின் கதையைச் சுருக்கமாகக் கூறிவிடலாம். இலங்கைக்குப் பியர் உரிய பொருளன்று. அதற்கு வேண்டிய வாற்கோதுமையும் ஹொப்ஸ் என்னும் கசப்புப் பூவும் கடல் கடந்தே வரவேண்டும். பிற்காலத்தில் ஆபிரிக்காவில் நைல் நதியின் ஊற்றுகளைத் தேடிச் சென்று புகழ் பெற்ற சாமுவேல் பேக்கர், 1840களின் பிற்பகுதியில் மனைவி மக்களுடனும் தம்பியுடனும் நுவரெலியாவில் குடியேறினார். ஆங்கில நாட்டுப் பயிர்களையும் கால்நடைகளையும் அக்குளிர் மலையில் வளர்க்க முயன்றார். அங்குப் பியர் காய்ச்சும் தொழிலுக்கு வித்திட்டவரும் அவரே என்பர். 1881இல் நுவரெலியாவில் முறையான பியர்ச் சாலை எழுந்தது. குளிர்ந்த காற்றும் தெளிந்த ஊற்றுநீரும் அதற்குத் துணை நின்றன. குளிரூட்டும் பொறிகள் வந்தபின் மலையின் துணை வேண்டாததாயிற்று; 1990களில் அத்தொழில் கொழும்புக்கு அண்மையிலுள்ள பியகமவுக்கு இறங்கிவிட்டது. பியரைப் பற்றி இவ்வளவு போதும். இத்தீவின் சொந்தப் பானம் தென்னை, பனை, கித்துள் ஆகிய மூன்று மரங்களின் பாளையில் ஊறுகிறது.

விரியாத பாளையை இறுகக் கட்டி, நாள்தோறும் மெல்லத் தட்டிப் பதப்படுத்தி, நுனியைச் சீவிவிட்டால் சாறு சொட்டத் தொடங்கும். சீவல் தொழிலாளர் அதன் கீழே முட்டியைக் கட்டிவிட்டு இறங்குவர். காலையும் மாலையும் ஏறி, நுனியைப் புதிதாகச் சீவி, நிறைந்ததை இறக்க வேண்டும். மேற்குக் கரையில், களுத்துறைப் பகுதியில், மரத்துக்கு மரம் இறங்கி ஏறும் வேலையைத் தவிர்க்கத் தென்னைகளின் உச்சிகளைக் கயிற்றால் இணைத்து அக்கயிற்றின்மீதே நடந்து செல்வர். காண்பவர் நெஞ்சு நடுங்கும் தொழில் அது. தவறி விழுந்து உயிரிழந்தோரும் முடமானோரும் உண்டு. இளைஞர் இத்தொழிலை விட்டு விலகுவதில் வியப்பில்லை.

மரத்திலிருந்து சொட்டும்போது அச்சாறு தேன்போல் இனிக்கும். நூற்றுக்குப் பதினைந்து பங்கு அளவில் அதில் வெல்லம் உண்டு. அந்த இனிப்பு நிலைப்பதில்லை. காற்றிலும் முட்டியின் உட்புறத்திலும் பாளையிலும் மதுவம் என்னும் நுண்ணுயிர் காத்திருக்கிறது. அது வெல்லத்தை உண்டு, மதுசாரத்தையும் கரியமில வாயுவையும் வெளியிடுகிறது. சாறு நுரைத்துப் பொங்குகிறது. எவரும் எதையும் சேர்க்காமலே, மரத்தின்மேல் தொங்கும்போதே, இனிய நீர் கள்ளாக மாறத் தொடங்கிவிடுகிறது. மேல்நாட்டார் வாற்கோதுமையை முளைக்கவைத்து, வறுத்து, அரைத்து, காய்ச்சி, மதுவம் சேர்த்துப் பல நாள் காத்துப் பெறுவதைத் தென்னை ஒரு பகலில் தானே செய்துவிடுகிறது என்றால் மிகையாகாது.

இம்மாற்றத்தைத் தடுக்க ஒரு பிடி சுண்ணாம்பு போதும். முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசினால் சாறு காரத்தன்மை பெறும்; மதுவம் அதில் வாழாது. அவ்வாறு இறக்கிய சாற்றை யாழ்ப்பாணத்தார் கருப்பணி என்பர். தமிழகத்தார் பதநீர் என்பர். அதைக் காய்ச்சினால் பாணியும், மேலும் காய்ச்சினால் பனங்கட்டியும் கிடைக்கும். ஆகவே, மது விலக்கியோர் வாழும் ஊருக்கும் மது அருந்துவோர் வாழும் ஊருக்கும் மரம் ஒன்றே, பாளை ஒன்றே. வேறுபாடு முட்டிக்குள் இருக்கும் வெண்பூச்சு மட்டுமே.

அட்டாளைச்சேனை வீடுகளில் பெருநாளுக்கும் கலியாணத்துக்கும் செய்யப்பெறும் வட்டிலப்பத்தில் இச்சாறு கட்டியாகச் சேர்கிறது. கித்துள் கட்டியைத் தேங்காய்ப்பாலில் கரைத்து வடித்து, அடித்த முட்டையைச் சேர்த்து, ஏலம், சாதிக்காய் மணமூட்டி, நீராவியில் அவிப்பர். அவிந்தபின் உள்ளே சிறு சிறு துளைகள் தோன்றும். துளையில்லாத வட்டிலப்பத்தை இக்கரைப் பெண்கள் எளிதில் மன்னிப்பதில்லை! ஒல்லாந்தர் காலத்தில் சாவகம் முதலிய தீவுகளிலிருந்து வந்த மலாயரோடு இது இலங்கைக்கு வந்தது என்பது பெரும்பான்மையோர் கொள்கை.

கள்ளை அப்படியே விட்டுவைத்தால் இன்னொரு மாற்றம் நிகழும். வேறொருவகை நுண்ணுயிர் காற்றின் துணையால் மதுசாரத்தை அசற்றிக்கமிலமாக மாற்றும். அதுவே வினாகிரி. இங்கே நுட்பமான ஒரு கேள்வி எழுகிறது. மதுவிலிருந்து பிறந்த வினாகிரி ஆகுமா, ஆகாதா? இலங்கை முஸ்லிம்களில் மிகப் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின் சட்ட அறிஞர் இதனை முன்பே ஆராய்ந்திருக்கின்றனர். எதுவும் சேர்க்கப்படாமல், தானாகவே மது வினாகிரியாக மாறிவிடுமாயின் அது தூயது, உண்ணத் தக்கது. வேறு பொருளை இட்டு வலிந்து மாற்றினால் அம்மத்ஹபின்படி அது ஆகாது. பொருளின் தன்மை மாறும்போது அதன் சட்டநிலையும் மாறும் என்ற கருத்து இதில் அடங்கியிருக்கிறது. விருந்துகளில் சோற்றுக்குத் துணையாக வரும் அச்சாறில், சின்ன வெங்காயத்தையும் பச்சை மிளகாயையும் ஊறவைப்பது வினாகிரியே.

அப்பத்துக்கும் இக்கதையில் இடமுண்டு. இலங்கையில் பழைய நாளில் அப்ப மாவைப் புளிக்கவைக்கக் கள்ளைச் சேர்ப்பது பரவலான வழக்கம். கடைகளில் மதுவம் பொட்டலமாக வந்தபின் அந்த வழக்கம் அருகியது. கள் சேராத அப்பத்தையே முஸ்லிம் வீடுகள் விரும்பின என்பது சொல்லாமலே விளங்கும்.

கள்ளைக் காய்ச்சி வடித்தால் சாராயம். தென்னஞ் சாராயத்தை ஹல்மில்ல மரத்தால் செய்த பெரும் பீப்பாய்களில் ஆண்டுக்கணக்கில் முதிரவைப்பர். ஆங்கிலேயர் அம்மரத்தைத் திருகோணமலை மரம் என்றே அழைத்தனர்; கிழக்கிலங்கைக் காடு அத்தொழிலுக்கு அளித்த பங்கு அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சாராயக் குத்தகை அரசாங்கத்தின் பெரு வருவாய்களுள் ஒன்றாக இருந்தது. குத்தகை எடுத்த சில குடும்பங்கள் பெருஞ்செல்வம் திரட்டின. குடித்தோர் குடும்பங்கள் இழந்ததை எவரும் கணக்கெடுக்கவில்லை. 1912இல் புதிய மதுவரிச் சட்டம் வந்து, கள்ளுத் தவறணைகள் ஊர்தோறும் பெருகும் நிலை ஏற்பட்டபோது, நாடெங்கும் மதுவிலக்கு இயக்கம் மூண்டது. அதன் முன்னணியில் நின்றோருள் டி. எஸ். சேனநாயக்கவும் அவர் தமையன் எப். ஆர். சேனநாயக்கவும் அடங்குவர். 1915ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது அவ்வியக்கத்தவர் பலரை ஆங்கில அரசு சிறையிலடைத்தது, டி. எஸ். சேனநாயக்கவும் சிறை சென்றார்.

வரலாறு சில வேளைகளில் விந்தையாகத் திரும்புகிறது. அதே சேனநாயக்க நாட்டின் முதற் பிரதமராகி, 1949இல் கல்லோயாத் திட்டத்தைத் தொடக்கிவைத்தார். தமிழில் பட்டிப்பளை ஆறு எனப்படும் அந்நதி, அட்டாளைச்சேனைக்கு வடக்கே ஒலுவில் அருகே கடலை நாடுவது. இங்கினியாகலையில் அதனை அணைகட்டித் தடுத்துச் சேனநாயக்க சமுத்திரம் எனப்படும் மாபெரும் நீர்த்தேக்கத்தை அமைத்தனர். காடு வயலாயிற்று, குடியேற்றங்கள் எழுந்தன, 1961இல் மட்டக்களப்பு மாவட்டத்திலிருந்து அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிந்தது. அத்திட்டத்து நீரால் விளைந்த கரும்பைப் பிழிய ஹிங்குராணையில் சீனித் தொழிற்சாலை அமைந்தது. சீனி எடுத்தபின் எஞ்சும் கழிபாகைப் புளிக்கவைத்து வடித்தால் மதுசாரம் கிடைக்கும். அதற்கான வடிசாலையும் அங்கு எழுந்தது. மதுவிலக்குக்காகச் சிறை சென்றவர் கொணர்ந்த நீர், மதுசாரமாகவும் வடிந்தது! 1990களில் அடைபட்டுக் கிடந்த அத்தொழிற்சாலை பின்னர் மீண்டும் இயங்கத் தொடங்கியது. 2020இல் மதுசார இறக்குமதியை அரசு தடைசெய்தபின் உள்நாட்டு வடிசாலைகளின் மதிப்பு உயர்ந்தது. உண்மையான வடிசாலை ஒன்றைத் தேடும் தம்பதியர்க்கு, கரையிலிருந்து மேற்கே ஒரு மணிநேரத்துக்குள் அது இருக்கிறது. ஆனால் அங்கு நாவுக்கு விருந்தில்லை. ஆலைப் புகையும் கரும்பு வண்டிகளின் நெரிசலுமே உண்டு.

கரைக்கே திரும்பினால் வேறொரு நொதித்தல் காத்திருக்கிறது. அது எருமைத் தயிர். பொத்துவில் முதல் மட்டக்களப்பு வரை, தெருவோரக் கடைகளில் மண்சட்டிகள் அடுக்கடுக்காய் வாய்கட்டித் தொங்குவதைக் காணலாம். எருமைப் பாலில் நூற்றுக்கு ஏழு பங்கு கொழுப்பு உண்டு. பசும்பாலில் நான்கு பங்கு அளவே. பாலை நன்கு காய்ச்சி, கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, பழைய தயிரைச் சிறிதளவு உறையிட்டுச் சட்டிகளில் ஊற்றுவர். இங்கு வேலை செய்வது மதுவமன்று. பாலின் வெல்லத்தை இலற்றிக்கமிலமாக மாற்றும் பற்றீரியாக்கள். இவ்விரு நொதித்தலும் உயிர்களின் செயலே என்பதைப் பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர் 1857ஆம் ஆண்டு முதலாக ஆராய்ந்து நிறுவினார். சுட்ட மண்சட்டி பாலிலுள்ள நீரில் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொள்வதால் தயிர் இறுகுகிறது. சட்டியைக் கவிழ்த்தாலும் விழாத தயிரே நல்ல தயிர் என்பது விற்போர் சொல்லும் இலக்கணம். கித்துள் பாணி ஊற்றி உண்ணும்போது, பாளையும் பாலும் ஒரு கிண்ணத்தில் கூடுகின்றன.

இத்தயிருக்கு இன்று நெருக்கடி வந்திருக்கிறது. எருமைக்குப் பரந்த மேய்ச்சல் தரையும் கிடந்து ஊறச் சேறும் நீரும் வேண்டும். நீர்ப்பாசனம் பெருகப் பெருக, மேய்ச்சல் தரைகள் வயல்களாயின. அக்கரைப்பற்று, திருக்கோவில் பகுதிகளை அடுத்த வட்டமடுவில் பண்ணையாளர்க்கும் வேளாண்மை செய்வோர்க்கும் இடையே நிலம் பற்றி நீண்டகாலமாகப் பிணக்கு இருந்து வந்திருக்கிறது. இரு சாராரின் பக்கமும் நியாயம் உண்டு. நெல்லும் வேண்டும், பாலும் வேண்டும். எனினும் எருமை மந்தைகள் குறைந்தால் சட்டித் தயிரின் இடத்தைத் தொழிற்சாலைத் தயிரே பிடிக்கும். அதில் இந்த மணமும் இறுக்கமும் எதிர்பார்க்க இயலாது.

வீட்டுணவைச் சுவைக்க வேண்டுமானால் உணவுச்சாலை போதாது. விருந்தினராகச் செல்ல வேண்டும். கிழக்கிலங்கை முஸ்லிம்களிடையே தாய்வழியாகக் குடி கணக்கிடும் மரபு உண்டு. மகளுக்கு வீடு கொடுத்து மணம் முடிப்பர். மணமகன் மனைவியின் வீட்டுக்கு வந்து வாழ்வான். ஆகவே வீடும் அடுக்களையும் பெண்ணுக்கே உரியவை. தம்பதியராக வரும் பயணிகளில் மனைவி உள்ளே அழைக்கப்பெறுவாள். பிட்டு அவியும் மணமும் அரைத்த கூட்டின் கணக்கும் அவளுக்கே தெரியவரும். கணவன் முன்விறாந்தையில் அமர்ந்து ஊர்ச் செய்தி கேட்பான். குறிப்பேடு எழுதும் பொறுப்பை மனைவியிடம் ஒப்படைப்பது அறிவுடைமை. பெரு விருந்துகளில் சஹன் என்னும் பெருந்தட்டத்தைச் சுற்றி ஆறு பேர் அமர்ந்து ஒருங்கே உண்பது இலங்கை முஸ்லிம்களின் வழக்கம்.

உண்டபின் வருவது தேநீர். இத்தீவின் கோப்பித் தோட்டங்களை 1869 முதல் ஓர் இலைநோய் அழிக்கத் தொடங்கியது. அதற்கு இரண்டாண்டு முன்பே, 1867இல், ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டிருந்தார். ஆக, கடையில் அமர்ந்து இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீயை ஒரு துண்டு பனங்கட்டியோடு உறிஞ்சும் வழக்கம் இங்கு மிகப் பழையதன்று. ஆயினும் பிற நாடுகளில் மதுச்சாலை செய்யும் வேலையை இங்கே தேநீர்க்கடை செய்கிறது. விளைச்சல், விலைவாசி, தேர்தல், பந்தாட்டம் யாவும் அங்கேதான் அலசப்படுகின்றன.

நோன்பு மாதத்தில் வருவோர் ஒன்றை அறிந்து வருதல் நலம். பகலில் உணவுக்கடைகள் பெரும்பாலும் அடைபட்டிருக்கும். மாலையில் பள்ளிவாசல்களில் பெருங்கிடாரங்களில் கஞ்சி கொதிக்கும். அரிசி, தேங்காய்ப்பால், இஞ்சி, உள்ளி, வெந்தயம், சில வேளை இறைச்சியும் சேர்ந்த அக்கஞ்சியை வாங்கிச் செல்லச் சிறுவர்கள் பாத்திரங்களோடு வரிசையில் நிற்பர். சூரியன் வயல்களுக்கு அப்பால் மறைந்து, மஃரிப் பாங்கு ஒலித்தவுடன், பேரீச்சம் பழத்தோடும் நீரோடும் நோன்பு திறந்து, அந்தக் கஞ்சியைப் பருகுவர். வழிப்போக்கர் எவரேனும் அவ்வேளையில் வாயிலில் நின்றால் அவருக்கும் ஒரு கோப்பை நீட்டப்பெறும்.