பழைய கணினிக்கு முதலில் எதை வாங்குவது?

பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடம் படிக்கும் என் மகளின் லெப்டொப் 2015இல் வாங்கியது. "வாப்பா, இது ஓன் ஆகுறதுக்குள்ள தேத்தண்ணி ஊத்திக் குடிச்சி முடிக்கலாம். இனி இதோட ஏலா" என்று ஒருநாள் சொல்லிவிட்டாள். ஒப்படை ஒன்றை நேரத்துக்கு அனுப்ப முடியாமல் புள்ளியும் குறைந்திருந்தது. கடையில் கேட்டபோது தவணை முறையில் புதியது எடுக்கச் சொன்னார்கள். கணக்குப் பார்த்தால் அதில் வட்டி இருந்தது. கையில் இருந்ததோ ஏதாவது ஒரு பாகத்தை மாற்றப் போதுமான பணம் மட்டுமே.

எந்தப் பாகத்தை மாற்றுவது? இதற்குக் கணினியே பதில் சொல்லும். கொன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மெனேஜர் திறக்கும். வழமையான வேலைகளைச் செய்துகொண்டே சி.பி.யூ., மெமரி, டிஸ்க் என்பவற்றுக்கு எதிரே உள்ள வீதங்களைப் பாருங்கள். எது தொடர்ந்து 100ஐ ஒட்டி நிற்கிறதோ அதுதான் மற்றவற்றைக் காக்க வைக்கிறது.

மகளின் லெப்டொப்பில் டிஸ்க் 100இல் நின்றது. சி.பி.யூ. பெரும்பாலும் சும்மா இருந்தது. பழைய ஹார்ட் டிஸ்கில் தட்டு சுழன்று, முனை நகர்ந்து ஒவ்வொரு தகவலையும் தேட 10 மில்லிசெக்கன் அளவு பிடிக்கும். எஸ்.எஸ்.டி.யில் அசையும் பாகமே இல்லை. ஒரு மில்லிசெக்கனில் பத்திலொரு பங்கு கூடத் தேவைப்படாது. ஹார்ட் டிஸ்குடன் இயங்கும் பழைய கணினிக்கு நான் முதலில் எஸ்.எஸ்.டி.யைச் சொல்வது இதனால்தான்.

ஆனால் ஒரு விடயத்தில் ஏமாந்துவிடக் கூடாது. மெமரியும் 90ஐத் தாண்டி நின்றால், இடம் போதாமல் விண்டோஸ் மிகுதியை டிஸ்கில் எழுதி எழுதி எடுக்கிறது என்று அர்த்தம். 4 ஜீ.பி. ரெம் உள்ள கணினியில் சூமும் குரோமும் ஒன்றாகத் திறந்தால் இது சாதாரணமாக நடக்கும். அங்கே 8 ஜீ.பி.யாக உயர்த்துவதும் அவசியம். வாங்குமுன் உங்கள் கணினிக்குரியது டி.டி.ஆர்.3ஆ, 4ஆ என்று பாருங்கள். ஒன்றின் இடத்தில் மற்றது பொருந்தாது. சில லெப்டொப்களில் ரெம் போர்ட்டுடனேயே ஒட்டப்பட்டிருக்கும், மாற்ற முடியாது.

இன்னொன்று. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்திய பெரும்பாலான கணினிகளை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை. ஆகவே அவ்வளவு பழைய கணினிக்கு அளவுக்கு மிஞ்சிச் செலவழிக்க வேண்டாம். மற்றக் கணினிகளிலும் பொருத்தக்கூடிய 2.5 அங்குல எஸ்.எஸ்.டி.யை வாங்கினால், நாளை கணினி பழுதானாலும் அது வீணாகாது. லினக்ஸ் இலவசம், பழைய கணினியிலும் ஓடும்.

நாங்கள் எஸ்.எஸ்.டி. மட்டுமே போட்டோம். முதலில் கோப்புகளைப் பிரதி எடுத்தோம். இப்போது அரை நிமிடத்துக்குள் திறக்கிறது. அவளுடைய ஒப்படைகளும் நேரத்துக்குப் போகின்றன, அல்ஹம்துலில்லாஹ்.

நமது பாடசாலைகளிலும் மத்ரஸாக்களிலும் மூலையில் கிடக்கும் கணினிகளில் எத்தனைக்கு இந்த ஒரு பாகம் போதுமாக இருக்கும்? புதியதற்குப் பணம் சேர்க்குமுன் பழைய மாணவர் சங்கங்கள் ஒருமுறை திறந்து பார்க்கலாம். வீண்விரயத்தைத் தடுத்த மார்க்கம் நம்முடையது.